மணி அடித்தால்தான் மிக்ஸி

1

இப்போதெல்லாம் வெயில் அடித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலையில் பதினெட்டுப் படி ஏறி மொட்டைமாடிக்குப் போகிறேன். கிழக்கே, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு மேல் சூரியன் தலை தெரிந்ததும் அதே பதினெட்டுப் படி இறங்கி வந்து, அடுப்படி வாசலில் நின்று, "வந்துட்டான்" என்கிறேன்.

"வராம எங்க போவான்?" என்கிறாள் என் மனைவி செண்பகம்.

எழுபதுக்கு எட்டு மாதம் பாக்கி இருக்கும் ஒருவன் இப்படி நடந்துகொள்வது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனால் என்ன செய்ய, மாடியில் நான்கு சோலார் பேனல் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஐந்நூற்று நாற்பது வாட். ஆக 2,160. முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் எனக்குக் கீழே இத்தனை பேர் வேலை பார்த்ததில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். கோலார் தங்கவயல் என்றதும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, இன்னும் தங்கம் எடுக்கிறார்களா என்பது. இல்லை. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாவது கேள்வி, அப்புறம் இன்னும் அங்கே என்ன செய்கிறாய் என்பது. இதற்கு என்னிடம் சரியான பதில் இருந்ததே இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து இங்குள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். மூன்றே வருடம், திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். இந்த ஆனியோடு நாற்பத்திரண்டு வருடம் முடிந்தது. போன மாதம் என் தங்கையோடு போனில் பேசும்போது என்னையறியாமல் "இன்னா" என்றுவிட்டேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பதினான்கு விநாடி சிரித்தாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வேலையே அதுதான். நேர ஆய்வு. ஒரு தொழிலாளி ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை விநாடி எடுக்கிறார் என்று ஸ்டாப் வாட்ச்சோடு பக்கத்தில் நின்று எழுதுவது. யாருக்கும் என்னைப் பிடிக்காது. வேலை போனாலும் எண்ணுவது போகவில்லை. பையில் அந்த வாட்ச் இன்னும் இருக்கிறது.

2

பேனல் வந்த கதைக்குக் காரணம் என் மகள் உமா. இங்கே பிறந்து, இங்கே படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, மஞ்சுநாத் என்ற நல்ல பையனைக் கட்டிக்கொண்டு பதினாறாவது மாடியில் இருக்கிறாள். அவர்கள் வீட்டில் கன்னடம் முக்கால், ஆங்கிலம் கால். தமிழ் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு, போனில், எங்களோடு. பேத்திக்கு வயது பதினொன்று. தமிழில் இருபது வரை எண்ணுவாள்; அதற்கு மேல் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். இருபதுக்கு மேல் தமிழில் எதையும் எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு வரவில்லை. அதை நினைத்து நான் இரண்டு இரவு சரியாகத் தூங்காமல் இருந்ததை செண்பகம் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

போன மழைக்காலத்தில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. மாடித் தொட்டி வறண்டுவிட்டது. நான் வீரமாகப் பக்கத்து வீட்டு அடிபம்பிலிருந்து பதினான்கு வாளி தண்ணீரைச் சுமந்து மாடியேற்றினேன். பதினைந்தாவது வாளியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினொரு நாள் படுக்கை. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உமாவுக்கு ஒரே பேச்சுத்தான்.

"இங்க வந்துருங்கப்பா. ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். ரெண்டு பேரும் தனியா அங்க உக்காந்துகிட்டு, கரண்ட்டுக்கும் தண்ணிக்கும் அல்லாடணுமா?"

செண்பகம் இங்கே நாங்கள் குடியிருக்கும் ஆண்டர்சன்பேட்டையில் பள்ளிக்கூடத் தமிழ் டீச்சராக இருபத்தேழு வருடம் இருந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெரு அறுநூற்றுப் பத்து அடி நடை. அதற்குள் சராசரியாக ஒன்பது பேர் "வணக்கம் டீச்சர்" என்பார்கள்.

"அங்க வந்தா எனக்கு யாரு வணக்கம் சொல்லுவா, லிஃப்டா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

உமா விடவில்லை. நானும் விடவில்லை. பென்ஷன்காரர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சோலாரைப் பிடித்துக்கொண்டேன். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் வந்து மாட்டியானது. அதைச் சொன்னதும் உமா நிபந்தனை போட்டாள்.

"சரி. அடுத்த தடவை நாள் பூரா கரண்ட் கட் பண்றாங்கன்னு நியூஸ் வந்தா சொல்லுங்க. லேப்டாப்ப தூக்கிட்டு வரேன். அங்கேயே உக்காந்து வேலை பாக்கறேன். சாயங்காலம் வரைக்கும் வீடு ஒருதடவைகூட அணையக் கூடாது. அணையலைன்னா, இனிமே பெங்களூர்னு வாயே திறக்க மாட்டேன். அணைஞ்சா பெட்டியக் கட்டணும். ஓகேவா?"

"ஓகே" என்றேன். செண்பகம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

3

இதற்கு நடுவில் ஒரு மனு. மிச்சமாகும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதற்குத் தனி மீட்டர் வேண்டும். அதற்காக மின்சார ஆபீசுக்கு நான்கு நடை நடந்தேன். படிவம் கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் அது தொழிற்சாலையில் கற்ற கன்னடம். அங்கே எல்லாரும் எல்லாரையும் "நீனு" என்றே கூப்பிட்டோம். மரியாதை அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மாவிடமும் அதே பழக்கத்தில் "நீனு ஹேளு" என்றுவிட்டேன். நம் ஊரில் ஒரு பெண் அதிகாரியைப் பார்த்து "நீ சொல்லு" என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஃபேக்டரியா சார்?" என்றார், தமிழில்.

"ஆமாம்மா."

"எங்கப்பாவும் ஃபேக்டரிதான். அவரு டிசிகிட்டயே, அதான் கலெக்டர்கிட்டயே, இப்படித்தான் பேசுனாரு."

நான்காவது நடையில் மனு திரும்பி வந்தது. நிரந்தர முகவரி என்ற இடத்தில் நான் அம்பாசமுத்திரம் முகவரியை எழுதியிருந்தேன். மீட்டர் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறது.

"அங்க யாரு சார் இருக்காங்க?"

"யாருமில்லை. வீட்டை வித்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு எழுதினீங்க?"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் என் கை அதைத்தான் எழுதும். அவர் வேறு படிவம் எடுத்துக் கொடுத்தார். "இந்தப் பேனல் இருபத்தஞ்சு வருஷம் வேலை செய்யும் சார். நீங்க இங்கதானே இருப்பீங்க? அப்ப இந்த வூட்டையே எழுதுங்க."

இருபத்தைந்து வருடத்தில் எனக்குத் தொண்ணூற்று நான்கு. அது கூடப் பரவாயில்லை. நிபந்தனை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்ததால், "அடுத்த மாசம் சொல்றேன்" என்றேன். தன் வீடு எங்கே என்று சொல்ல ஒரு மாதத் தவணை கேட்ட ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

4

இனி கணக்கு. உங்களில் யாராவது சோலார் போடுவதாக இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள்.

இரண்டு விஷயம் தனித்தனி. ஒன்று, ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு கிடைக்கும். இன்னொன்று, ஒரே சமயத்தில் எவ்வளவு எடுக்க முடியும். நான் முதலாவதை மட்டுமே பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தேன். நல்ல வெயிலில் எங்களுக்கு எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. எங்கள் செலவு ஏழு. போதும் போதும் என்று ஆடினேன். ஆனால் இன்வெர்ட்டர் ஒரே சமயத்தில் இரண்டாயிரம் வாட்தான் கொடுக்கும்.

வீட்டில் இருந்த பதின்மூன்று வகைச் சாதனங்களையும் எழுதினேன். பிரிட்ஜ் 150. ஃபேன் நான்கு, 300. விளக்கு பதினொன்று, 99. டிவி 60. மிக்ஸி 750. கிரைண்டர் 150. தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைச் சக்தி, அதாவது 746. துணி துவைக்கும் மெஷின் 350. இஸ்திரிப் பெட்டி ஆயிரம். தண்ணீர் வடிகட்டி 40. இன்டர்நெட் பெட்டி 12. கெட்டில் 1,500. கீசர் இரண்டாயிரம். கூட்டினால் 7,157. கீசரை அன்றே நாடு கடத்தினேன். இனி வெந்நீர் காஸ் அடுப்பில். மீதி 5,157. இருப்பது இரண்டாயிரம்.

பிரிட்ஜ் முன்னால் நாற்காலி போட்டு வாட்ச்சோடு உட்கார்ந்தேன். பதினொரு நிமிடம் ஓடுகிறது, பதினேழு நிமிடம் ஓய்வெடுக்கிறது. தொழிற்சாலையில் அப்படி ஓர் ஆளை வைத்திருக்க மாட்டோம். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் பணியில் இருக்கிறது, பாவம். இஸ்திரிப் பெட்டி நேர் எதிர். பத்து நிமிடம் வருகிறது, வீட்டையே விழுங்குகிறது, போகிறது.

நான் கற்ற வித்தைப்படி ஒரு கால அட்டவணை போட்டேன். ஒன்பது பத்து முதல் ஒன்பது பதினாலு வரை மிக்ஸி. பத்து மணிக்கு மோட்டார். பத்து நாற்பதுக்கு இஸ்திரி. மூன்று நிறத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

செண்பகம் கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் மாதிரி முழுவதும் வாசித்தாள். "ஒன்பது பதினாலுக்குள்ள தேங்கா அரையலைன்னா?"

"அடுத்த நேரம் பதினொன்று இருபது."

"அதுவரைக்கும் தோசைய கையில வச்சுக்கிட்டு நிக்கணுமோ?"

ஒத்திகைக்காக வெளிக் கரண்ட்டை மெயினில் அணைத்துவிட்டு, பகலெல்லாம் சோலாரில் மட்டுமே ஓட்டினோம். மூன்று நாளில் பதினொரு தடவை வீடு அணைந்தது. ஒவ்வொரு தடவையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் "கீ" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். பன்னிரண்டாவது முறை கத்தியபோது மதில் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"இன்னா சார், உங்க வூட்டுல தெனமும் ஒரு கோழிய அறுக்கறீங்களா?"

5

தலை தேவராஜுடையது. பக்கத்து வீடு. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்கள் ஏறிய இரும்புக் கூண்டை, அவர்கள் சொல்கிற கேஜை, ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழி வழியாகக் கம்பி வடத்தில் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இயந்திரத்தை ஓட்டியவர். அவர் தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பதினான்கு வாளித் தண்ணீரும் அவர் வீட்டு அடிபம்பிலிருந்து வந்ததுதான்.

உள்ளே வந்து அட்டவணையைப் பார்த்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். இன்வெர்ட்டரில் எண் 746-இல் நிற்கவில்லை. 1,040-இல் போய் நின்றது. கிளம்பும்போது அதற்கும் மேலே ஒரு குதி குதித்தது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு எனக்கு 294 வாட் துரோகம் செய்திருந்தது.

"எழுதிக் கீறது ஒண்ணு, இழுக்கறது ஒண்ணு சார்" என்றார் தேவராஜ். "அத்த வுடுங்க. டைம் டேபிள் போட்டுல்லாம் ஷாஃப்ட்ட ஓட்ட முடியாது. கீழ எந்த லெவல்ல எவன் எப்ப வந்து நிப்பான்னு மேல கீற எனக்கு எப்டி தெரியும்? அவன் மணி அடிப்பான். அதே மணிய நான் திருப்பி அடிப்பேன். அப்பறம்தான் கேஜு அசையும்."

"ரெண்டு பேர் ஒரே சமயத்தில் அடித்தால்?"

"ஒருத்தன் நிக்கணும். நான் திருப்பி அடிக்கலைன்னா நின்னுதான் ஆவணும். மேனேஜரா இருந்தாலும்."

என் தொழிற்சாலைச் சைக்கிளின் மணி ஒன்று, அவர் சைக்கிளின் மணி ஒன்று. முதலாவதை அடுப்படி நிலைக்காலில் திருகினோம். இரண்டாவதை இன்வெர்ட்டர் பக்கம். அங்கே எனக்கு ஒரு முக்காலி. அன்றே சட்டமும் தயார். ஒரு தடவை அடித்தால் நிறுத்து. இரண்டு, மிக்ஸி. மூன்று, தண்ணீர் மோட்டார். நான்கு, இஸ்திரி. ஐந்து, கெட்டில். சின்னச் சாதனங்களுக்கு மணி தேவையில்லை. பெரியவற்றை, முக்காலியில் இருப்பவர் திருப்பி அடித்த பிறகே போட வேண்டும்.

"மோட்டாருக்கு ஏன் மூணு?" என்று கேட்டேன்.

"மூணுன்னா ஆளு ஏறுதுன்னு அர்த்தம் சார். ஜாக்கிரதையா ஓட்டணும். தண்ணியும் அப்டிதான்."

செண்பகம் கரண்டியோடு வந்தாள். "இத்தனை வருஷமா அடுப்படியில நிக்கேன். மிக்ஸி போட ஒருத்தர்ட்ட மணி அடிச்சு அனுமதி வாங்கணுமா?"

"டீச்சரம்மா, உங்க கிளாஸ்ல பசங்க கைய தூக்காம பேசுவாங்களா?" என்றார் தேவராஜ்.

அவள் யோசித்தாள். "அப்ப டீச்சர் யாரு? இவுகளா?"

"டிரைவர்மா. டீச்சர் எப்பவும் நீங்கதான்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே குதூகலம். இரண்டு கிணிங், இரண்டு கிணிங், சட்னி. மூன்று கிணிங், மூன்று கிணிங், தொட்டி நிறைகிறது. செண்பகம் சில சமயம் மிக்ஸியே போடாமல் அடித்துப் பார்ப்பாள், நான் தூங்குகிறேனா என்று. நான் பதிலுக்கு ஒன்று அடிப்பேன்: நிறுத்து. பத்தொன்பது நாள் கோழி கத்தவில்லை.

ஒரே எதிரி சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்துவிட்டு அந்தக் காலத்தில் கொட்டிய மாவு போன்ற மண். ஆனிக் காற்றில் கிளம்பி வந்து பேனல் மேல் படிந்துவிடும். துடைக்காத நாளில் 6.9 யூனிட். துடைத்த நாளில் 8.1. ஆகவே தினமும் துடைத்தோம். "தங்கமெல்லாம் யாருக்கோ போச்சு, மண்ணு மட்டும் நம்ம பேனலுக்கு" என்பாள் செண்பகம், துணியைப் பிழிந்துகொண்டே.

6

அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை, பராமரிப்பு வேலை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. நாங்கள் இருவரும் கல்யாண வீடு மாதிரி ஆனோம். வியாழன் காலையே நான் இரண்டு தடவை பேனல் துடைத்தேன். செண்பகம் உளுந்து ஊறப்போட்டாள்.

"எதுக்கு இப்போ வடை?" என்றேன். "வேலையைக் குறைச்சுக்கோ. இன்னைக்கு ஒரு நாள் மிக்ஸி இல்லாமல் இரேன்."

"மிக்ஸி இல்லாம ஜெயிச்சா அது ஜெயிச்சதா? அவ தெனமும் நாம இப்படித்தான் இருப்போம்னு பாக்கணும்."

உமா எட்டே முக்காலுக்கு வந்தாள். மணிகளைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது என்னப்பா, சர்க்கஸா?" என்றாள். முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் கரண்ட் போனது. ஃபேன் அரை விநாடி தயங்கி, மறுபடி சுற்றியது. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் "ஏய்" என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் கிரைண்டர் சத்தம்.

நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பகல் ஒன்றுக்குள் பதினாறு தடவை மணி அடித்தது, பதினாறும் சரி. வடை பொரிந்தது. உமா ஐந்து வடை தின்றாள், கருத்துச் சொல்லவில்லை. ஒன்றே காலுக்கு மேகம் வந்தது. பேனலின் வரவைக் காட்டும் எண் 1,700-இலிருந்து 400-க்கு விழுந்தது. பேட்டரி தாங்கிக்கொண்டது. நான் மாடிக்கும் முக்காலிக்குமாக நான்கு தடவை ஓடினேன். பத்தொன்பது நிமிடத்தில் அடுத்தடுத்து ஐந்து மேகங்கள் கடந்து போயின.

இரண்டு ஐம்பதுக்கு அடுப்படிக் குழாய் காற்றை ஊதியது. தொட்டி காலி. இதுதான் பரீட்சை என்று புரிந்தது. மூன்று கிணிங் வந்தது. நான் பிரிட்ஜை நிறுத்தினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று திருப்பி அடித்தேன். எண் துள்ளியது, ஆடியது, 1,300 பக்கம் வந்து அமைதியாக நின்றது. மாடியில் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம். போன மழைக்காலத்தில் என் இடுப்பை முறித்த தண்ணீர், தானாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது தேவராஜ் வந்தார். "இன்னா சார், எப்டி போவுது?"

நான் சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். முதல் மேகம் எங்கிருந்து வந்தது, இரண்டாவது எவ்வளவு பெரியது, எண் எப்படி விழுந்தது, எப்படி எழுந்தது. மூன்றாவது மேகத்தில் இருக்கும்போது அடுப்படியிலிருந்து இரண்டு கிணிங். என் வாய் மேகத்தில் இருந்தது. என் கை இரண்டு திருப்பி அடித்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மிக்ஸி.

கோழி கத்தியது. ஃபேன் ஓய்ந்தது. மாடியில் தண்ணீர் சத்தம் நின்றது. மூன்று மணி ஆறு நிமிடம். பழக்கதோஷத்தில் வாட்ச்சை அழுத்திவிட்டேன். மோட்டாரை அணைத்து, இன்வெர்ட்டரை மறுபடி உயிர்ப்பித்தபோது நாற்பத்தொரு விநாடி காட்டியது.

முன்னறைக் கதவு திறந்தது. உமா வாசலில் நின்றாள். காதில் ஹெட்போன்.

"நான் மணி அடிச்சேன். இவுக திருப்பி அடிச்சாக" என்றாள் செண்பகம், கையில் தேங்காய்ச் சில்லோடு.

"தப்பு என்னுது பாப்பா" என்றார் தேவராஜ். "டிரைவராண்ட பேசாதேன்னு வைண்டிங் ரூம்ல போர்டே மாட்டியிருக்கும். நான் வந்து பேச்சுக் குடுத்தேன்."

"இல்லை, தப்பு என்னுடையது" என்றேன். "அணைஞ்சுட்டுது உமா. ஒரு தடவை. நாற்பத்தொரு விநாடி. பேசினபடி நான் தோத்தாச்சு."

எண்ணத் தெரிந்தவன் எண்ணியதை மறைக்கக் கூடாது. ஆனால் சொல்லி முடித்ததும் கடைத்தெரு வழியின் ஒன்பது வணக்கங்களும் நினைவுக்கு வந்துவிட்டன. செண்பகத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உமா ஹெட்போனைத் தொட்டுக் காட்டினாள். "மீட்டிங் போயிட்டே இருக்கு. காலையிலிருந்து என் போன் நெட்டுலதான் ஓட்டறேன். உங்க மணிய நம்பி கிளையன்ட்ட விடுவேனா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எழுந்திரிங்க சார்" என்றார் தேவராஜ். "தப்பு பண்ண டிரைவர அதே ஷிஃப்ட்ல திரும்ப உக்கார வைக்க மாட்டாங்க." முக்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

7

துடைத்த பேனலையே துடைத்தேன். கிழக்கே மேடு, அதற்கப்பால் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரம். பதினாறாவது மாடியிலிருந்து என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்: இன்னொரு பதினாறாவது மாடி. அங்கே படிகளையும் எண்ண முடியாது; லிஃப்டில் வேறு யாரோ எண்ணி விளக்கில் காட்டிவிடுகிறார்கள். கீழே இரண்டு கிணிங், பதிலுக்கு இரண்டு. செண்பகம் பாதியில் நின்ற சட்னியை முடிக்கிறாள். தோற்றாலும் சட்னியை விட மாட்டாள்.

நாலரை மணிக்கு மேல் இருக்கும். கீழேயிருந்து மணி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஐந்தா? கெட்டில்! 1,500 வாட். அன்று முழுக்க யாரும் அதைத் தொடக் கூடாது என்று நான் அதன் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். பதினெட்டுப் படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

அடுப்படி நிலைக்காலில் உமா நின்றாள். ஒரு கையில் கெட்டில். இன்னொரு கையின் கட்டைவிரல் மணியில். முகத்தில் சிரிப்பே இல்லை. பரீட்சை எழுதுகிற முகம். தேவராஜ் எண்ணைப் பார்த்தார், பிரிட்ஜை நிறுத்தினார், நிதானமாக ஐந்து திருப்பி அடித்தார். அவள் சுவிட்சைப் போட்டாள். வீடு அணையவில்லை.

"அப்பா, டீ குடிக்கிறீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். இன்வெர்ட்டரின் ஓரத்தில் பச்சை விளக்கு. வெளிக் கரண்ட் வந்திருக்கிறது.

"இது எப்போ வந்தது?"

"நாலு மணிக்கே வந்துடுச்சு சார்" என்றார் தேவராஜ். "பாப்பாதான் மொதல்ல பாத்துச்சு. மூச்சு வுடாதீங்க அங்கிள்னுச்சு."

ஆக, மணி அடிக்கத் தேவையே இல்லை. அரை மணி நேரமாகத் தேவையில்லை. நான் உமாவைப் பார்த்தேன். அவள் டீத்தூள் டப்பாவைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க அபார்ட்மென்ட்ல கரண்ட் போனா ஜெனரேட்டர் வர ஒரு நிமிஷம் இருபது செகண்ட் ஆகும்ப்பா" என்றாள். "லிஃப்டுக்குள்ள நின்னு எண்ணியிருக்கேன். எல்லா தடவையும்."

"எல்லா தடவையுமா?"

"பின்ன? யாரு பொண்ணு?" டப்பா கிடைத்தது. "நாப்பத்தொண்ணு பரவாயில்ல. ஆனா இனிமே வாளி தூக்கினீங்கன்னு தெரிஞ்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

செண்பகம் அட்டவணை ஒட்டியிருந்த இடத்தில் மிச்சமிருந்த பசைக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, மூக்கை உறிஞ்சினாள். பிறகு என்னிடம், "அவளுக்குச் சீனி அரைக் கரண்டிதான், ஞாபகம் இருக்கா?" என்றாள், டீ போடுவது நான் என்பதுபோல.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஐந்தாவது நடை. அதிகாரி அம்மா என்னைப் பார்த்ததும் பேனாவை நீட்டினார். நிரந்தர முகவரியை இந்தத் தடவை கன்னடத்தில் எழுதினேன். கதவு எண், தெரு, ஆண்டர்சன்பேட்டை. எழுத்துக்கூட்டி எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி ஆயிற்று. முதல் முறை செய்கிற வேலைக்கு அது அதிகமில்லை.